ஆட்டோவில் பாட்டிக்கு எந்த இடம்?

சேத்தியாத்தோப்பிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் மாணவன் ஒருவன், ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி என் அருகில் வந்தான். அவனுடைய அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். பாட்டிக்கு இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை நடந்து, மாதம் ஒரு முறை சிதம்பரத்துக்கு அழைத்துச் சென்று மருத்துவரிடம் காட்டி வருகிறார்கள். வண்டி தூக்கிப் போடும்போதெல்லாம் பாட்டி வலி தாங்காமல் கத்திவிடுகிறார்கள். மகனுக்கு மனம் கேட்குமா? பின் இருக்கையில் நான்கு அங்குலக் கனத்துக்குப் புது ஸ்பான்ஞ்சு வைத்துத் தைத்துவிட்டார். வலி குறையவில்லை. "இன்னும் இரண்டு அங்குலம் வைத்தால் சரியாகுமா, சார்?" என்பதுதான் மாணவனின் கேள்வி.

"ஆகாது" என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் ஆகாது என்று விளக்கத்தான் ஒரு மணி நேரம் பிடித்தது. அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் முன்னோர்கள் இந்த விஷயத்தில் விவரம் தெரிந்தவர்கள். நெல் மூட்டை ஏற்றக் கட்டை வண்டி. மனிதர்கள் ஏறிச் செல்ல வில்வண்டி. வில்வண்டியில் அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே கமான் பட்டைகள் இருக்கும். கூண்டுக்குள் வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளம் விரித்திருப்பார்கள். சக்கரமோ ஏறக்குறைய ஆளுயரம். பெரிய சக்கரம், வில், வைக்கோல் ஆகிய மூன்றும் மூன்று தனித்தனி வேலைகளைச் செய்தன. மாணவனின் அப்பா வைக்கோலை மட்டும் கூட்டிப் பார்த்திருக்கிறார்.

முதலில் சக்கரத்தைப் பார்ப்போம். ஆட்டோவின் சக்கரம் டயரோடு சேர்த்து ஏறத்தாழ 40 செ.மீ. விட்டமுடையது. சாலையில் 20 செ.மீ. அகலமுள்ள ஒரு பள்ளம் இருப்பதாகக் கொள்வோம். அதன் இரு விளிம்புகளிலும் சக்கரம் படும்போது எவ்வளவு கீழே இறங்கியிருக்கும்? பிதாகரஸ் தேற்றம் தெரிந்த யாரும் கணக்கிடலாம். கர்ணம் ஆரமாகிய 20 செ.மீ.; ஒரு பக்கம் பள்ளத்தில் பாதியாகிய 10 செ.மீ.; மற்றொரு பக்கம் 17.3 செ.மீ. ஆகவே சக்கரம் 2.7 செ.மீ. விழுகிறது. இதே பள்ளத்தில் ஒரு மீட்டர் விட்டமுள்ள பேருந்துச் சக்கரம் 1 செ.மீ. இறங்கும். ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள மாட்டு வண்டிச் சக்கரம் முக்கால் செ.மீ. கூட இறங்குவதில்லை. பேருந்துக்குச் சிறு கீறலாகத் தெரிவது ஆட்டோவுக்குப் பள்ளம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. காரும் பேருந்தும் சாலையில் இரண்டு தடங்களில் ஓடுகின்றன. பள்ளத்தை இரு சக்கரங்களுக்கும் நடுவே விட்டு ஓட்டுநர் தப்பித்துவிடலாம். ஆட்டோவுக்குத் தடங்கள் மூன்று. பின்சக்கரங்களைத் தப்பவைத்தால் நடுவில் ஓடும் முன்சக்கரம் விழும். முன்சக்கரத்தை ஒதுக்கினால் பின்சக்கரங்களில் ஒன்று போய் விழும். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சர்க்கரை ஆலைக்குப் போய்வரும் எங்கள் பக்கத்துச் சாலைகளைப் பற்றியோ சொல்லவே வேண்டாம். அடியில் களிமண், மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும், மேலே போட்ட தார் விரியும்.

சாலையையும் சக்கரத்தையும் நாம் மாற்ற முடியாது. அடுத்தது வில், அதாவது ஸ்பிரிங். ஒரு வில்லின் மேல் பாரத்தை வைத்தால் அது சிறிது தாழ்கிறது அல்லவா? அந்தத் தாழ்வை அளந்துவிட்டால், வண்டி விநாடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்று சொல்லிவிடலாம். பாரம் எவ்வளவு, வில் எத்தகையது என்றெல்லாம் கேட்க வேண்டியதில்லை. தாழ்வின் நீளமுள்ள ஒரு தனி ஊசலைக் கட்டித் தொங்கவிட்டால் அது எந்த வேகத்தில் ஆடுமோ, அதே வேகத்தில்தான் வண்டியும் ஆடும். 25 செ.மீ. ஊசலின் அலைவு நேரம் ஏறத்தாழ ஒரு விநாடி. ஆகவே 25 செ.மீ. தாழும் வண்டியின் அதிர்வெண் 1 ஹெர்ட்ஸ். சுருக்கமான வாய்பாடு வேண்டுமானால், தாழ்வைச் செ.மீ.-இல் எடுத்து அதன் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுத்துக்கொள்ளுங்கள்.

மனித உடலுக்கு எந்த ஆட்டம் பிடிக்கும்? விநாடிக்கு ஒன்று, ஒன்றரை என்றால் தொட்டில் போலச் சுகமாக இருக்கும். நல்ல கார்கள் இந்த அளவில் ஆடுகின்றன. அரை ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் கப்பலில் போவது போலக் குமட்டும். உட்கார்ந்திருப்பவரின் முதுகையும் வயிற்றையும் அதிகமாக வருத்துவது 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையுள்ள மேல்கீழ் அதிர்வு. அதிர்வுக்கான பன்னாட்டுத் தரம் 2631-இலும் இந்த வரம்புக்குத்தான் மிகுந்த மதிப்புத் தரப்பட்டிருக்கிறது.

அப்படியானால் ஆட்டோவுக்கும் 25 செ.மீ. தாழும் மெல்லிய வில்லைப் பொருத்திவிடலாமே என்று கேட்கலாம். இங்கேதான் சிக்கல் இருக்கிறது. ஆட்டோவின் பரம்பரையைச் சற்றுப் பார்க்க வேண்டும். இத்தாலியில் பியாஜியோ நிறுவனம் 1946-இல் 'வெஸ்பா' ஸ்கூட்டரை வெளியிட்டது. அதை வடிவமைத்த கொராதினோ தஸ்கானியோ விமானப் பொறியியலில் பேர்பெற்றவர். 1948-இல் அதே ஸ்கூட்டரின் பின்பகுதியில் ஒன்றுக்குப் பதில் இரண்டு சக்கரங்களை வைத்து 'ஆப்பே' என்ற மூன்று சக்கர வண்டி பிறந்தது. வெஸ்பா என்றால் குளவி. ஆப்பே என்றால் தேனீ. தேனீ போலச் சுமப்பதுதான் அதன் வேலை, அதாவது சரக்கு ஏற்றுவது. 1960-களில் பஜாஜ் நிறுவனம் பியாஜியோவின் உரிமத்தோடு நம் நாட்டில் செய்யத் தொடங்கிய மூன்று சக்கர வண்டிகளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. குஜராத்தில் புல்லட் மோட்டார் சைக்கிளின் முன்பாதியோடு ஒரு வண்டித் தட்டை இணைத்துச் 'சக்டா' என்று ஓட்டினார்கள். அதிலும் மூட்டைக்கு உள்ள வசதி மனிதர்களுக்கு இல்லை!

சரக்கு வண்டிக்கு விறைப்பான வில் தேவை. பயணிகள் ஏறும் வண்டியிலும் இந்தத் தேவை முழுவதும் போய்விடவில்லை. பேருந்தில் நீங்கள் ஒருவர் ஏறுவதால் அதன் எடையில் ஒரு மாற்றமும் தெரியாது. ஆட்டோவின் கதை வேறு. காலி வண்டியே 300, 400 கிலோதான். அதில் மூன்று பேர் ஏறினால் எடை பாதியளவு கூடிவிடுகிறது. அந்த எடையிலும் தரை தட்டாமல் இருக்க வேண்டும் என்பதற்காக வில்லை விறைப்பாகவே அமைக்கிறார்கள். மூவருக்கு அளவான வில், ஒருவர் தனியாக ஏறும்போது மிகவும் விறைத்ததாகிவிடுகிறது.

இதை எண்களில் பார்த்தால் சுவையாக இருக்கும். கணக்குக்காக, பின்வில்கள் இரண்டும் சேர்ந்து 1 செ.மீ. அமுங்க 40 கிலோ பாரம் வேண்டும் என்று கொள்வோம். பாட்டி மட்டும் பின்னால் இருக்கும்போது வில்கள் தாங்கும் எடை 200 கிலோ என்க. தாழ்வு 5 செ.மீ.; அதிர்வெண் 2.2 ஹெர்ட்ஸ். பாட்டிக்குத் துணையாக 60 கிலோ எடையுள்ள இருவர் ஏறுகிறார்கள். எடை 320 கிலோ. தாழ்வு 8 செ.மீ.; அதிர்வெண் 1.8 ஹெர்ட்ஸ்.

இப்போது இரண்டு செ.மீ. மேட்டின்மேல் இரு பின்சக்கரங்களும் ஏறட்டும். வில்கள் 2 செ.மீ. கூடுதலாக அமுங்குகின்றன, 80 கிலோ எடைக்குச் சமமான விசை வண்டியை மேலே தள்ளுகிறது. நியூட்டனின் இரண்டாம் விதிப்படி, முடுக்கம் என்பது விசையை நிறையால் வகுத்தது. பாட்டி தனியாக இருந்தால் 80-ஐ 200-ஆல் வகுக்க வேண்டும். ஈர்ப்பு முடுக்கத்தில் 0.4 பங்கு வருகிறது. துணைக்கு இருவர் இருந்தால் 80-ஐ 320-ஆல் வகுக்க, 0.25 பங்குதான் வருகிறது. வில்லும் மேடும் அவையே. தூக்கிப் போடுவது மட்டும் எட்டில் மூன்று பங்கு குறைந்துவிட்டது. (டயரின் நெகிழ்வையும் வேறு சில நுணுக்கங்களையும் விட்டுவிட்டேன். உண்மையான எண்கள் சிறிது மாறும், போக்கு மாறாது.)

"பாட்டி நிம்மதியாக இருக்கட்டும் என்று யாரையும் கூட ஏற்ற மாட்டோம், சார்" என்றான் மாணவன். அன்பினால் செய்ததுதான். ஆனால் அதுவே குலுக்கலைக் கூட்டிவிட்டது.

துணைக்கு வருபவர்கள் எங்கே உட்கார வேண்டும் என்பதும் முக்கியம். பாட்டி சாய்ந்துகொள்ள வசதியாக இருக்கட்டும் என்று ஓரத்தில்தான் உட்கார வைப்போம். ஓரம் என்பது பின்சக்கரத்துக்கு நேர் மேலே உள்ள இடம். இடப்பக்கச் சக்கரம் மட்டும் 5 செ.மீ. உயர்ந்தால், அதன் மேலிருப்பவர் ஏறத்தாழ அந்த அளவு உயர்வார். நடுவில் இருப்பவர் பாதிதான், அதாவது இரண்டரை செ.மீ. மட்டுமே உயர்வார். வலப்பக்கச் சக்கரம் விழுந்தாலும் அதே கணக்குதான். துலாக்கோலின் நடுப்புள்ளி அவ்வளவாக அசைவதில்லை அல்லவா? பாட்டிக்கு உரிய இடம் நடு இடம். இரு பக்கமும் உட்காருகிறவர்கள் எடையாகவும் உதவுகிறார்கள், வளைவில் சரியாமல் தாங்கும் சுவராகவும் உதவுகிறார்கள்.

இருக்கையையே முன்னால் தள்ளி வைத்தால் என்ன? பயணி பின் அச்சுக்கு மேலேயே உட்காருவதால் பின்சக்கரத்தின் அடி முழுவதும் அவருக்கு வருகிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் இருந்தால் பாதிதான் வரும். குலுக்கலை மட்டும் பார்த்தால் யோசனை சரியே. ஆனால் ஆட்டோ நிற்பது ஒரு முக்கோணத்தின் மேல். ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் கோடு அந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை வண்டி கவிழாது. முக்கோணம் பின்னால் அகலம். பாதி தூரத்தில் அகலமும் பாதி. முன்சக்கரத்தில் வெறும் புள்ளி. எடையை முன்னால் கொண்டுபோகப் போக, வளைவில் வண்டி கவிழ்வது எளிதாகிறது. கவிழாமல் இருக்க மிக நல்ல இடமும், குலுக்கல் மிக அதிகமான இடமும் ஒன்றாக அமைந்துவிட்டன! மூன்று சக்கர வண்டியைச் செய்கிறவர்களுக்குப் பெரிய தலைவலி இதுதான்.

வில்லை மிகவும் மெல்லியதாக்க முடியாததற்கும் இதுவே காரணம். ஆப்பே பிறந்த அதே 1948-இல் பிரான்சில் சித்ரோன் நிறுவனம் '2சி.வி.' என்ற சிறிய காரைக் காட்சிக்கு வைத்தது. உழுத வயலில் ஒரு கூடை முட்டையோடு ஓட்டிச் சென்றாலும் முட்டை உடையக்கூடாது என்ற நோக்கத்தோடு செய்த கார் அது. அவ்வளவு மெல்லிய வில்கள்! ஆனால் வளைவில் அது பயங்கரமாகச் சாயும். நான்கு சக்கரம் இருந்ததால் தாங்கிக்கொண்டது. அந்தச் சாய்வை ஆட்டோ தாங்காது.

இனி ஸ்பான்ஞ்சுக்கு வருவோம். இஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால் விநாடிக்கு 50 அதிர்வு. இந்தப் பொடி நடுக்கத்தை ஸ்பான்ஞ்சு அழகாக விழுங்கிவிடும். ஆனால் நுரை இருக்கையும் அதன்மேல் அமர்ந்த மனிதரும் சேர்ந்தால் அதுவும் ஒரு வில்லும் பாரமுமே. அதன் இயல்பு அதிர்வெண் பொதுவாக 4 ஹெர்ட்ஸை ஒட்டி அமைகிறது. உடலுக்கு ஆகாத வரம்பின் வாசலில் அது நிற்பதைக் கவனியுங்கள். அந்த அதிர்வு சாலையிலிருந்து வரும்போது ஒத்ததிர்வு ஏற்பட்டு, ஸ்பான்ஞ்சு அதைக் குறைப்பதற்குப் பதிலாகப் பெருக்கித் தருகிறது. தவிர, பாட்டி நான்கு அங்குலம் உயர்ந்து உட்கார்ந்ததால் கால் தரையில் ஊன்றவில்லை. கால் ஊன்றினால் தொடையும் பாதமும் எடையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். கால் தொங்கினால் அத்தனையும் இடுப்பில்தான் இறங்கும். பழைய இருக்கையே மேல்.

கடைசியாக ஷாக் அப்சார்பர். அதிர்ச்சியை வாங்குவது வில். அந்த வில் மேலும் ஆடிக்கொண்டே இராமல் அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. பெயர் சரியில்லை. நிற்கும் வண்டியின் பின்மூலையை இரு கைகளாலும் அழுத்தி விட்டுவிடுங்கள். ஒரு முறை எழுந்து அடங்கினால் நல்லது. இரண்டு மூன்று முறை ஆடினால் உள்ளே எண்ணெய் கசிந்து போயிருக்கும். அத்தகைய வண்டி, மூன்று மீட்டருக்கு ஓர் ஒட்டுப்போட்ட சாலையில் மணிக்கு 22 கி.மீ. வேகத்தில் போனால், விநாடிக்கு இரண்டு அடி விழும். வண்டியின் இயல்பு அதிர்வெண்ணும் ஏறக்குறைய அதுவே! ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். அப்போது வேகத்தைக் குறைத்தால் அடங்கிவிடும். வேகத்தைக் கூட்டியும் தப்பலாம். ஆனால் பாட்டி இருக்கும் வண்டியில் அதை யார் செய்வார்கள்?

நீங்களும் அளந்து பார்க்கலாம். சமதரையில் ஆட்டோவை நிறுத்தி, பின்பக்க மட்கார்டின் உயரத்தை அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். எடை தெரிந்த இரு நண்பர்களைப் பின்னால் ஏற்றி மறுபடியும் அளவெடுங்கள். வித்தியாசத்திலிருந்து வில்லின் விறைப்பு கிடைத்துவிடும். டயர் அமுங்குவதையும் தனியாக அளந்து கழிக்க வேண்டும்; மறந்துவிடாதீர்கள்.

மாணவனின் அப்பா ஸ்பான்ஞ்சைப் பிரித்து எடுத்துவிட்டு, கசிந்திருந்த ஷாக் அப்சார்பர் ஒன்றையும் மாற்றினார். அடுத்த முறை சிதம்பரம் போனபோது பாட்டியை நடுவில் உட்கார வைத்து, அத்தை ஒரு பக்கமும் இவன் ஒரு பக்கமுமாகப் போயிருக்கிறார்கள். "வலி பரவாயில்லையாம், சார். ஆனால் நடுவில் உட்கார்ந்தால் ரோட்டை வேடிக்கை பார்க்க முடியவில்லை என்று இப்போது சண்டை போடுகிறார்கள்" என்றான்.