ராக்கெட்டுக்கு உயரம் தெரிவது எப்படி?

ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் தெரியுமா? வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் ஊர். உயரம் சுமார் 725 மீட்டர். காற்றழுத்தம் காட்டும் கருவியோடு ஆலங்காயத்திலிருந்து பஸ் ஏறிப் பாருங்கள். மலை ஏற ஏற எண் குறைந்துகொண்டே வரும். தலைக்கு மேலுள்ள காற்று குறைகிறதல்லவா? கடற்கரையில் 1013 மில்லிபார் என்றால், காவலூரில் ஏறக்குறைய 930தான்.

மாதிரி ராக்கெட்டுக்குள் வைக்கும் மின்னணுக் கருவியும் இதே கணக்கைத்தான் போடுகிறது. நகத்தைவிடச் சிறிய அழுத்த சென்சார், ஒரு 'சிப்', பேட்டரி. அவ்வளவுதான். அழுத்தம் குறைந்தால் ராக்கெட் ஏறுகிறது. மறுபடி கூடத் தொடங்கினால் உச்சியைத் தாண்டிவிட்டது! உடனே பாராசூட்டை வெளியே தள்ளச் சொல்லி 'சிப்' உத்தரவிடும். தாமதமானால் ராக்கெட் தலைகுப்புற மண்ணில் குத்தும். ராக்கெட்டின் உடலில் காற்று நுழையச் சிறு துளைகளும் வேண்டும். அவை அடைபட்டால் சென்சார் ஏமாந்துபோகும்.

2023 பிப்ரவரி 19 அன்று மாமல்லபுரம் அருகே பட்டிபுலத்திலிருந்து ஒரு ராக்கெட் பறந்தது. அதில் இருந்த 150 குட்டிச் செயற்கைக்கோள்களும் பள்ளி மாணவர்கள் செய்தவை!

நீங்களும் அறிவியல் ஆசிரியர் துணையோடு கருவியை மட்டும் செய்யலாம். எரிபொருள் பக்கமே போகக் கூடாது, சொல்லிவிட்டேன்! சோதிக்க ராக்கெட் எதற்கு? மாடிப்படி போதும். மூன்று மாடி ஏறினால் ஏறக்குறைய ஒரு மில்லிபார் குறைய வேண்டும்.