தரவுத்தளமும் அதன் வாக்கும்

வங்கியிலே பணம் வைப்பிடும் ஒருவர், பற்றுச்சீட்டைப் பெற்றதும் மன அமைதியோடு வீடு திரும்புகின்றார். தாம் செலுத்திய தொகை தம் கணக்கில் ஏறிவிட்டது என்பது அவர் நம்பிக்கை. முற்காலத்தில் அந்நம்பிக்கைக்குக் காசாளரின் கையொப்பமும் தடித்த பேரேடும் சான்றாயிருந்தன. இக்காலத்தில் அவற்றின் இடத்தைத் தரவுத்தளச் சேவையகம் எனப்படும் கணினி பெற்றுள்ளது. வைத்தியசாலைக் குறிப்புகள், பிரயாண ஆசனப் பதிவுகள், பரீட்சைப் பெறுபேறுகள் முதலியனவும் பெரும்பாலும் அத்தகைய சேவையகங்களிலேயே தங்கியுள்ளன. "பதிவு செய்யப்பட்டது" எனச் சேவையகம் ஒருமுறை விடையளித்துவிட்டால், அடுத்த கணமே மின்சாரம் தடைப்பட்டாலும் அவ்வாக்குப் பொய்த்தல் கூடாது. அவ்வாக்கைக் காப்பது எங்ஙனம், காத்துக்கொண்டே விரைவாகப் பணிசெய்விப்பது எங்ஙனம் என்பனவே சேவையகத்தை ஒழுங்கமைப்பவர் முன்னுள்ள இரு வினாக்களாகும்.

இன்று பெருவழக்கிலுள்ளது தொடர்புசார் தரவுத்தளம். ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுகூடத்திற் பணியாற்றிய எட்கர் கொட் என்னும் ஆங்கில அறிஞர், 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில் அதற்கு அடித்தளமிட்டார். அதற்கு முன்னர், ஒரு தரவு எங்கே, எவ்வழியாற் கிடைக்கும் என்பதைச் செய்நிரல் எழுதுவோரே அறிந்திருத்தல் வேண்டியிருந்தது. கொட் வகுத்த முறையிலோ தரவுகள் யாவும் அட்டவணைகளாக அமைகின்றன. வேண்டியது இன்னதென்று கூறுவதே பயன்படுத்துவோர் கடமை. அதனை எவ்வழியாற் பெறுவதென்பது இயந்திரத்தின் பொறுப்பு. ஆகவே நினைவகம், வட்டு முதலியவற்றைப் பற்றிய கவலையெல்லாம் சேவையகத்தின்மீதும் அதனை நிருவகிப்போர்மீதும் வந்து சேர்ந்தது.

அக்கவலையின் தன்மையை விளக்குதற்குப் போஸ்ட்கிறெஸ் என்னும் தரவுத்தளம் நல்லதோர் எடுத்துக்காட்டு. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில், 1986இல் மைக்கல் ஸ்ரோன்பிறேக்கர் தலைமையில் அது தொடங்கப்பெற்றது. இன்று எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தத்தக்கதாய் உலகெங்கும் பரவியுள்ளது.

சேவையகத்திற்கு இருவகைச் சேமிப்பிடங்கள் உள. ஒன்று நினைவகம், மற்றது வட்டு. நினைவகத்திலுள்ளதை ஒரு செக்கனின் கோடியில் ஒரு பங்கு நேர அளவில் எடுத்துவிடலாம். ஆயின் மின்சாரம் நின்றால் அதிலுள்ளவை யாவும் அழிந்துபோம். வட்டில் எழுதியது நிலைத்து நிற்கும். ஆயின் அது மிக மெதுவானது. நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றை முடிக்க ஒரு செக்கனின் ஆயிரத்தில் எட்டுப் பங்கிற்கும் சற்று மேலாகின்றது. சுழலாத திண்மநிலை வட்டுகள் இவ்வேறுபாட்டைப் பெரிதுங் குறைத்தனவேனும் முற்றாக நீக்கிவிடவில்லை. விரைவை வேண்டின் நினைவகத்தை நாடல் வேண்டும். நிலைபேற்றை வேண்டின் வட்டையே நம்புதல் வேண்டும். இரண்டையும் ஒருங்கே பெறுவது எவ்வாறு?

பழைய வணிகர் கையாண்ட முறையே இதற்கு விடையாய் அமைந்தது. கடையிற் கூட்டம் மிகுந்த வேளையிலே, கணக்கப்பிள்ளை ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் பேரேட்டைப் புரட்டி உரிய பக்கத்தைத் தேடிக்கொண்டிரார். நிகழ்ந்தவற்றை நிகழ்ந்த வரிசையில் நாளேட்டிலே குறித்துக்கொள்வார். ஓய்வு வாய்த்தபோது அவற்றைப் பேரேட்டில் எடுத்தெழுதுவார். தரவுத்தளமும் அவ்வாறே செய்கின்றது. மாற்றம் ஒவ்வொன்றும் முதலில் ஒரு நாளேட்டின் இறுதியிலே சேர்க்கப்படுகின்றது. அக்குறிப்பு வட்டைச் சென்றடைந்த பின்னரே "பதிவு செய்யப்பட்டது" என்னும் விடை வழங்கப்படும். அட்டவணைகளாகிய பேரேட்டின் பக்கங்கள் நினைவகத்திலே திருத்தப்பட்டு ஆறுதலாக வட்டிற்குச் செல்லும். இடையில் மின்சாரம் நின்றாலும், மீளத் தொடங்கும்போது சேவையகம் நாளேட்டைப் படித்து, விடுபட்டவற்றைப் பேரேட்டிற் சேர்த்துக்கொள்ளும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்று ஐ.பி.எம். நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்த சி. மோகனும் அவர்தம் கூட்டாளிகளும் 1992இல் வெளியிட்ட 'ஏரீஸ்' என்னும் முறை, இத்தகைய மீட்பு முறைகளுள் பெரும்புகழ் பெற்றதாகும்.

இம்முறை முழுவதும் ஒரேயொரு நிபந்தனையில் தங்கியுள்ளது. நாளேடு மெய்யாகவே வட்டிற்குச் சென்றிருத்தல் வேண்டும். லினக்ஸ் போன்ற பணிசெயல் முறைமை, எழுதக் கொடுத்ததை வாங்கித் தன் நினைவகத்திலே சிறிது நேரம் வைத்திருக்கும். வட்டும் தன்னகத்தே அவ்வாறு வைத்திருத்தல் உண்டு. உடனே வட்டில் எழுதுமாறு வற்புறுத்தும் கட்டளை 'எஃப்சிங்க்' எனப்படும். அதனை நிறுத்திவிட்டால் வேகம் வியக்கத்தக்க அளவு கூடும். ஆயின் மின்தடை நேரும்போது நாளேடும் பேரேடும் ஒன்றோடொன்று பொருந்தாது போய், தரவுத்தளம் முழுவதுமே பயனற்றதாகலாம். எனவே அழிந்தாற் கவலையில்லாத தரவுகளுக்கன்றி, அதனை நிறுத்துதல் தகாது.

விரைவு இன்றியமையாத இடத்தில் அதனினும் பாதுகாப்பான மாற்றுவழி ஒன்றுண்டு. 'சிங்குரனஸ் கொமிற்' என்னும் அமைப்பை நிறுத்தினால், நாளேடு வட்டை அடையுமுன்னரே விடை வழங்கப்படும். மின்சாரம் நின்றால் இறுதியாகச் செய்த சில பதிவுகள் இழக்கப்படலாம். வழக்கமான அமைப்பில் அவ்விழப்பு ஒரு செக்கனுக்கும் உட்பட்ட காலத்திற்குரியது. எஞ்சிய பேரேடு பிழையின்றியே நிற்கும். வருகையாளர் எண்ணிக்கை போன்றவற்றிற்கு இது பொருந்தும். வங்கி வைப்புக்குப் பொருந்தாது. ஒரே தரவுத்தளத்தில் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் இதனைத் தனித்தனியே தீர்மானிக்கலாம் என்பது குறிப்பிடத்தக்கது.

வட்டு உண்மை பேசுகின்றதா என்பதைச் சிறு கணக்கொன்றினால் அறியலாம். நிமிடத்திற்கு 7,200 சுற்று எனின் செக்கனுக்கு 120 சுற்று. ஒருவர் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவுகளைச் செய்யும்போது, அவ்வட்டு செக்கனுக்கு ஏறத்தாழ 120 பதிவுகளுக்கு மேல் மெய்யாக எழுதிமுடித்தல் அரிது. சோதனையில் ஆயிரக்கணக்கான பதிவுகள் தென்படின், எழுதாததை எழுதியதாக ஏதோவொன்று கூறுகின்றது என்பதே பொருள். மின்கலத்தாற் காக்கப்பட்ட இடைநினைவகம் அவ்வாறு கூறின் ஏற்கலாம். இல்லையேல் அவ்வேகம் மகிழ்ச்சிக்குரியதன்று. திண்மநிலை வட்டை வாங்கும்போதும், மின்சாரம் நின்றபின் எழுதிமுடிக்கப் போதிய கொள்ளளவிகள் அதில் உள்ளனவா என்று பார்த்தல் நன்று.

பல ஆண்டுகளாக எவரும் ஐயுறாத ஓரிடத்திலும் இவ்வாக்குப் பழுதுபட்டிருந்தமை 2018இல் வெளியாயிற்று. லினக்ஸிலே எஃப்சிங்க் கட்டளை ஒருமுறை தோல்வியுற்ற பின்னர் மீண்டும் இடப்படுமாயின், எழுதப்படாத தரவு கைவிடப்பட்டிருந்தும் வெற்றி என்னும் விடையே கிடைத்தல் கூடும் என்பது அறியப்பட்டது. 2019 பெப்ரவரியில் வெளியான போஸ்ட்கிறெஸ் பதிப்புகளில் இது திருத்தப்பட்டது. அத்தகைய தோல்வி நேர்ந்தால் சேவையகம் மீண்டும் முயலாது தன்னை நிறுத்திக்கொண்டு, நாளேட்டிலிருந்து மீட்பைத் தொடங்கும்.

வாக்கு உறுதிப்பட்ட பின்னரே வேகத்தைப் பற்றிச் சிந்தித்தல் முறை. அதில் முதலாவது நினைவகப் பங்கீடு. பேரேட்டுப் பக்கங்களை வைத்திருக்கும் பொது இடத்திற்குப் போஸ்ட்கிறெஸ் இயல்பாக ஒதுக்குவது 128 மெகாபைற்று மட்டுமே. தரவுத்தளத்திற்கெனவே அமைந்த கணினியாயின், மொத்த நினைவகத்தின் நாலில் ஒரு பங்கை ஒதுக்கித் தொடங்குவது பொதுவான அறிவுரை. வரிசைப்படுத்தல் போன்ற வேலைகளுக்கு வேறோர் ஒதுக்கீடு உண்டு. இது ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியே வழங்கப்படுவதாகலின், இங்கேதான் பலரும் கணக்குத் தவறுகின்றனர். 16 கிகாபைற்று நினைவகமுள்ள கணினியொன்றில் 4 கிகாபைற்றைப் பொது இடத்திற்கு ஒதுக்கி, வேலையொன்றுக்கு 64 மெகாபைற்று வீதம் அனுமதித்ததாகக் கொள்க. இருநூறு இணைப்புகள் ஒரே வேளையில் ஆளுக்கொரு வரிசைப்படுத்தலைச் செய்தால் 12,800 மெகாபைற்று, அதாவது 12.5 கிகாபைற்று வேண்டும். இரண்டுங் கூடியவிடத்து உள்ளதினும் மிகுந்துவிடுகின்றது. அந்நிலையில் லினக்ஸ் ஏதேனுமொரு செயலைப் பலவந்தமாக முடித்துவிடும்; அது தரவுத்தளத்தினுடையதாயின் இணைப்புகள் யாவும் அறுந்து, சேவையகம் மீட்பு நிலைக்குச் செல்ல நேரும். ஆதலால் தாராளமாக அளிப்பதினும், இணைப்புகளின் தொகையை மட்டுப்படுத்தி அளந்து அளிப்பதே சிறப்பு.

இரண்டாவது, நாளேட்டிலுள்ளவை பேரேட்டிற் சேர்ந்துவிட்டன என உறுதிசெய்யும் வேளை. இதனைச் 'செக்பொயின்ற்' என்பர். இயல்பான அமைப்பில் இது ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை நிகழும். நாளேடு மிகுந்துவிட்டால் அதற்கு முன்னரும் நிகழும். இது அடிக்கடி நிகழ்ந்தால் வட்டின் சுமை பெருகும். மேலும், ஒவ்வொரு செக்பொயின்றின் பின்னரும் முதன்முறை திருத்தப்படும் 8 கிலோபைற்றுப் பக்கம் ஒவ்வொன்றும் முழுமையாக நாளேட்டில் எழுதப்படுவதால் நாளேடும் வீங்கும். நெடுநேரம் தள்ளிவைப்பின், விபத்தின் பின் மீள எழுவதற்கு நேரம் மிகும். எத்தனை நிமிடம் சேவை நின்றாற் பொறுக்கலாம் என்பதை நிறுவனமே முதலில் தீர்மானித்தல் வேண்டும்.

இவையாவும் செவ்வனே அமைந்தாலும் மனிதத் தவறு ஒன்று எஞ்சி நிற்கின்றது. இரண்டாவது சேவையகம் ஒன்றிலே பிரதியை வைத்திருந்தாற் போதும் என எண்ணுவோர் உளர். ஆயின் முதற் சேவையகத்தில் அட்டவணையொன்று அழிக்கப்பட்டால், அவ்வழிவும் சில கணத்தில் இரண்டாவதற்குச் சென்றுவிடும். முந்திய நிலைக்கு மீள வேண்டுமாயின், காப்புப் பிரதியும் அதன் பின்னான நாளேடுகளும் வேறிடத்திற் பேணப்படுதல் வேண்டும்.

2017 சனவரி 31இல் கிட்லாப் நிறுவனத்திற்கு நேர்ந்தது இதற்குத் தக்க சான்று. அதன் பொறியியலாளர் ஒருவர், பழுதுற்ற இரண்டாவது சேவையகத்தைச் சீர்செய்ய முயன்று, தவறுதலாக முதன்மைச் சேவையகத்திலிருந்த சுமார் 300 கிகாபைற்றுத் தரவை அழித்துவிட்டார். நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பப்பட்ட காப்புப் பிரதிகளைத் தேடியபோது அவை அங்கிருக்கவில்லை. பழைய பதிப்பிலுள்ள கருவி புதிய பதிப்புத் தரவுத்தளத்தோடு பொருந்தாது தோல்வியுற்று வந்துள்ளது. அதனை அறிவித்த மின்னஞ்சல்களும் சேரவேண்டிய இடத்தைச் சேரவில்லை. வேறொரு தேவைக்காக ஆறு மணித்தியாலத்திற்கு முன் தற்செயலாக எடுத்துவைத்த பிரதியொன்றே அந்நிறுவனத்தைக் காத்தது. அவ்வாறு மணித்தியாலத் தரவு மீளவில்லை. நிகழ்ந்ததனைத்தையும் அந்நிறுவனம் மறையாது வெளியிட்டமையால் உலகம் ஒரு பாடங் கற்றது.

காப்புப் பிரதி உண்டு என்பதற்குச் சான்று, அதிலிருந்து தரவுத்தளத்தை மீள அமைத்துப் பார்த்த நாளின் குறிப்பேயாகும். மாதத்திற்கொருமுறையேனும் வேறொரு கணினியில் அவ்வாறு மீட்டுப் பார்த்து, எடுத்த நேரத்தையும் குறித்துவைத்தல் நிருவாகியின் கடமைகளுள் ஒன்றாதல் வேண்டும். ஓர் அமைப்பை மாற்றுமுன் அளந்து, ஒவ்வொன்றாக மாற்றி, மாற்றியபின் மீண்டும் அளத்தலும் அக்கடமையின்பாற்படும். மந்தமான சேவையகத்தைப் பின்னொரு நாளில் விரைவுபடுத்தலாம். பற்றுச்சீட்டுப் பெற்றவரின் வைப்பு ஏட்டில் இல்லாது போயின், எத்துணை வேகமும் அதனை மீட்டுத் தராது.