படவில்லையும் பாடமும்

ஏடும் எழுத்தாணியும், கற்பலகையும் கரும்பலகையும் தத்தம் காலத்தில் ஆசிரியர்க்குத் துணைநின்றன. இன்று அவ்விடத்தைப் பெரிதும் பெற்றிருப்பது கணினியின் நிகழ்த்துகை மென்பொருளாகும். படவில்லை எனப்படும் பக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாக வெண்திரையிற் காட்டுவது அதன் தொழில். வகுப்பறை முதல் ஆய்வரங்கு ஈறாக அது வழங்காத இடம் அரிது. அதனை ஆளவேண்டிய முறை யாதென்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஒரு கருவியின் பிறப்பை அறிதல் அதன் இயல்பை அறிதற்குத் துணைசெய்யும். பவர்பொயின்ற் என்னும் மென்பொருளைக் கலிபோர்னியாவிலிருந்த போர்தோட் என்னும் சிறு நிறுவனம் 1987 ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதனை எண்ணித் தொடங்கியவர் றொபேட் காஸ்கின்ஸ். ஆக்குவதில் முதன்மையாக நின்றவர் டெனிஸ் ஒஸ்ரின். அவ்வாண்டிலேயே மைக்ரோசொவ்ற் நிறுவனம் 14 மில்லியன் டொலர் கொடுத்துப் போர்தோட்டை வாங்கிற்று. வணிகக் கூட்டங்களில் ஒரு திட்டத்தை எடுத்துரைத்துக் கேட்போரை இணங்குவிக்க விழைந்தோர்க்கே இக்கருவி முதலிற் பயன்பட்டது. இணங்குவித்தல் வேறு; விளக்குதல் வேறு. இணங்குவிப்போன் முடிபைக் கூறினால் அமையும். விளக்குவோனோ அம்முடிபிற்குச் சென்ற வழியையும் காட்டல் வேண்டும். இவ்வேறுபாட்டை மறந்தவிடத்தே இடர் தோன்றுகின்றது.

ஒரு தலைப்பு, அதன்கீழ்ப் புள்ளியிட்ட ஐந்தாறு துணுக்குகள் என்பதே இம்மென்பொருளிற் பலரும் கைக்கொள்ளும் வடிவம். 'ஆதலால்', 'ஆயினும்', 'இல்லையேல்' என்னும் சொற்களுக்கு அவ்வடிவில் இடமில்லை. சிந்தனை வாழ்வதோ அச்சொற்களிலேயாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீரைப் பற்றிய பாடமொன்றை எடுத்துக்கொள்வோம். 'மழை குறைவு', 'மிகுதியான நீரிறைப்பு', 'கிணறு உவர்த்தல்' என்னும் மூன்று துணுக்குகளையும் மாணாக்கன் பிழையின்றிப் படியெடுத்துக்கொள்வான். சுண்ணக்கற் பாறையிடையே உவர்நீரின்மேல் நன்னீர் மிதந்து நிற்கின்றது என்பதும், அந்நன்னீர்ப்படை மெலியுந்தோறும் உவர்நீர் மேலெழுகின்றது என்பதும் அவன் உள்ளத்தில் ஏறமாட்டா. பெயர்களைக் கற்றான், காரணத்தைக் கற்றிலன்.

இக்குறை வகுப்பறையோடு நில்லாது பெருங்கேட்டிற்கும் துணைபோகலாம் என்பதற்குச் சான்றுண்டு. 2003 ஆம் ஆண்டு சனவரி 16 ஆம் நாள் கொலம்பியா என்னும் அமெரிக்க விண்ணோடம் எழுந்தபோது, எரிபொருட் கலத்தினின்றும் பெயர்ந்த நுரைக்காப்புத் துண்டொன்று அதன் இடச்சிறகைத் தாக்கிற்று. ஓடம் விண்ணிலிருக்கையிலேயே பொறியியலாளர் அதனை ஆராய்ந்து, தம் முடிபுகளைப் படவில்லைகளாக மேலாளர்க்குக் காட்டினர். அவற்றுள் ஒன்றன் தலைப்பு அச்சந் தணிக்கும் பாங்கில் அமைந்திருந்தது. தாக்கிய துண்டின் கனவளவு ஏறத்தாழ 1,920 கன அங்குலம் எனவும், சோதனையிற் பயன்பட்டது 3 கன அங்குலம் எனவும் அதன் அடியிற் சிற்றெழுத்திற் குறிக்கப்பட்டிருந்தது. 640 மடங்கு பெரிய துண்டிற்கு அச்சோதனை பொருந்துமா என்னும் உயிர்நிலையான வினா இவ்வாறு துணுக்குகளிடையே மறைந்து கிடந்தது. பெப்ரவரி 1 ஆம் நாள் மீளும் வழியில் ஓடம் சிதைந்து எழுவரும் மாண்டனர். விபத்தை விளைத்தது சிறகிற்பட்ட சேதமேயன்றிப் படவில்லையன்று. எனினும் அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் வெளிவந்த விசாரணை அறிக்கை, தொழினுட்பக் கட்டுரைகளின் இடத்தைப் படவில்லைகள் பற்றிக்கொண்டமையைக் குறையாகச் சுட்டிற்று. எட்வேட் ரவ்ரி என்னும் அறிஞரும் அப்படவில்லையை வரிவரியாக ஆராய்ந்து இக்கருத்தை வலியுறுத்தினார்.

அங்ஙனமாயின் இக்கருவியைத் துறத்தல் வேண்டுமோ எனின், வேண்டா. கண்ணுக்குரியதைத் திரைக்கும் செவிக்குரியதை வாய்க்கும் பகுத்தளித்தலே செய்யத்தக்கது. கலிபோர்னியாப் பல்கலைக்கழக உளவியலறிஞர் றிச்சாட் மேயரின் சோதனைகள் இதற்கு அரண் செய்கின்றன. படமும் பேச்சும் இணைந்தவிடத்துக் கற்றல் சிறக்கின்றது. பேசுவதையே எழுத்தாகவும் உடன்காட்டின் அது குறைகின்றது. படத்தைப் பார்க்கவேண்டிய கண் எழுத்தைப் படிக்க ஓடுகின்றமையே காரணம். பொருளோடு தொடர்பில்லாத ஒலியும் அலங்காரமும் அவ்வாறே கற்றலைச் சிதைக்கும். ஆதலின், திரையில் எழுதியதை ஆசிரியர் வாசித்துக்கொண்டு நிற்றல் இருமடங்கு உழைத்துப் பாதிப் பயன் பெறுவதாகும்.

கரும்பலகையிடத்தே ஓர் அருங்குணம் உண்டு. ஆசிரியர் வரையும் வேகத்திலேயே மாணாக்கன் விளங்கிக்கொள்கிறான். இதயத்தின் குருதிச் சுற்றோட்டத்தை முழுப்படமாக ஒருங்கே காட்டாது, முதலில் அறைகள், பின் வால்வுகள், பின் குருதி செல்லும் வழி எனப் படிப்படியாகத் தோன்றச் செய்யின் அக்குணம் படவில்லைக்கும் வாய்க்கும். வினாவொன்றை எழுப்பிக் கலந்துரையாடும்போது திரை வெறுமையாயிருத்தல் நன்று. பவர்பொயின்றிற் காட்சி நிகழ்கையில் ஆங்கில 'பி' எழுத்துச் சாவியை அழுத்தினால் திரை இருளும்; மீண்டும் அழுத்த ஒளிபெறும்.

ஆய்வரங்கிற் பேசுவோர் படவில்லையின் தலைப்பாக 'முடிவுகள்' என்னும் ஒற்றைச் சொல்லை இடாது, கண்ட முடிவை முழு வாக்கியமாக எழுதுவாராக. பெரிய அட்டவணையைத் திரையில் நெருக்காது அச்சிட்டுக் கையிற் கொடுத்தல் வேண்டும். பின்வரிசையிலிருப்போர்க்கும் எழுத்துத் தெரிகின்றதா என்பதை முன்னரே நோக்குக. தமிழிற் படவில்லை ஆக்குவோர் ஒருங்குறி எழுத்துருவை ஆளுதல் நலம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் எழுதியது, அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் பொருளற்ற குறிகளாய்த் தோன்றி அவையில் நாணச்செய்யும்.

பாடஞ் சொல்லும் முறையை வகுத்த நன்னூலார், சொல்லப்புகும் பொருளை ஆசிரியன் முதலில் தன் உள்ளத்தில் ஒழுங்குபெற அமைத்துக்கொள்ளல் வேண்டும் என்றும், கொள்வோனது கொள்ளுந் திறனை அறிதல் வேண்டும் என்றும் விதித்தார். உள்ளத்தில் அமையாத பொருள் திரையில் அமைவதில்லை. மின்சாரம் நின்று திரை இருண்ட பின்னும் பாடத்தைத் தொடர வல்லவரே இக்கருவியை ஆளுதற்குரியார்; ஏனையோரை அக்கருவி ஆளும்.