சீட்டி என்னும் சொல்

சீட்டித் துணியை நாம் அறிவோம்; பெயரின் வரலாற்றை அறிந்தவர் சிலரே. இந்தியில் 'சீண்ட்' என்பது தெறித்த துளியைக் குறிக்கும். பல நிறப் புள்ளிகளும் பூக்களும் இட்ட பருத்தித் துணிக்கும் அதுவே பெயராயிற்று. தமிழில் அது சீட்டி. ஆங்கிலேயரோ அதன் பன்மையையே ஒருமையாகக் கொண்டு 'சிண்ட்ஸ்' என்றனர்.

சோழமண்டலக் கரையில் படிக்காரம் இட்ட இடத்தில் சாயவேர் சிவப்பேற்றியது. கடுக்காயும் இரும்பும் கலந்த இடம் கறுத்தது. மெழுகு பூசாத இடத்தில் அவுரி நீலம் பற்றியது. பயிரிட்டவர் உழைப்பும் நெய்தவர் உழைப்பும் ஒரே துணியில் கூடின.

துவைத்தாலும் மங்காத அந்நிறம் மேனாட்டுச் சந்தையைக் கவர்ந்தது. தம் நெசவாளரைக் காக்கவேண்டிப் பிரான்சு 1686-இலும், இங்கிலாந்து 1700, 1721 ஆண்டுகளிலும் தடைச்சட்டம் இயற்றின.

சாயம் நிலைத்தது, சொல்லும் நிலைத்தது. சாயம் போகும் துணியில் சங்க முத்திரை இடுவோமாயின், நம் பெயரும் வெளுத்துவிடும் என்பதை உறுப்பினர் மறவாதிருப்பாராக.