பங்கேற்பு விகிதம் சொல்லாதது

தொடக்கக் கல்வியோடு நின்றவர்களின் தொழிலாளர் பங்கேற்பை மாநிலவாரியாக ஒப்பிடுமுன், அவ்விகிதம் எதை அளக்கிறது என்பதை அறிய வேண்டும். வேலையில் இருப்போரையும் வேலை தேடுவோரையும் சேர்த்தே அது எண்ணுகிறது. குடும்ப நிலத்தில் ஊதியமின்றி உழைப்போரும் அதில் அடக்கம்.

15 வயதுக்கு மேற்பட்ட இந்தியப் பெண்களின் பங்கேற்பு 2017-18இல் 23.3 விழுக்காடு, 2023-24இல் 41.7. இமாச்சலப் பிரதேசத்தில் இது உயர்வு, பீகாரில் தாழ்வு. இமாச்சலத்தில் சொந்த வயலில் பாடுபடும் பெண்கள் ஏராளம். ஐந்தாம் வகுப்போடு நின்ற, நிலமற்ற தலித் பெண்ணோ பிறர் வயலில் கூலிக்கு உழைக்கிறார். உழைக்காமலிருக்கும் வாய்ப்பு அவருக்கு இல்லை. அட்டவணையில் இருவரும் ஒன்றே.

உயர்ந்த விகிதம் உரிமைக்குச் சான்றாகாது. நிலம் யாருடையது, கூலி எவ்வளவு, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் உண்டா என்பவற்றைச் சாதிவாரியாகக் கேட்போம்.