கயிறு மிதக்குமா, மூழ்குமா?

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு வாழைத் தோட்டத்துக்குள் நுழைந்து பாருங்கள். சொட்டு நீர்ப் பாசனத்துக்காகப் போட்ட கறுப்புக் குழாய்கள் வரிசை வரிசையாகத் தரையில் கிடக்கும். அவை பாலிதீன். காற்றுக்குச் சாயாமல் மரத்தை இழுத்துக் கட்டிய கயிறு ஒன்றும் இருக்கலாம். கேட்டால் "நைலான் கயிறு" என்பார்கள். காலடியில் கிடக்கும் காய்ந்த மட்டையைக் கிழித்தால் வரும் நாரில் பெரும்பகுதி செல்லுலோஸ். மூன்றுமே பலபடிகள்தாம். சின்னஞ்சிறு மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் கோத்துக்கொண்ட நீண்ட சங்கிலிகள். ஆனால், கோத்துக்கொண்ட விதம் ஒன்றல்ல.

பாலிதீன் எத்திலீன் வாயுவிலிருந்து பிறக்கிறது. எத்திலீனில் இரண்டு கார்பன் அணுக்கள், இரு கைகளாலும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்ட சிறுவர்களைப் போல, இரட்டைப் பிணைப்பில் இருக்கின்றன. ஆளுக்கொரு கையை விடுவித்துப் பக்கத்து ஜோடியைப் பிடித்துக்கொண்டால் சங்கிலி நீள்கிறது. எந்த அணுவும் வெளியேறவில்லை. இதுவே சேர்ப்புப் பலபடி. 1933-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. ஆய்வுக்கூடத்தில் ஃபாசெட், கிப்சன் இருவரும் வேறொரு வினையைத் தேடப் போய், கலத்தில் மெழுகு போன்ற வெள்ளைப் பொருளைக் கண்டார்கள். அதுதான் பாலிதீன்!

நைலான் 66-இன் கதை வேறு. ஒரு மூலக்கூறின் இரு முனையிலும் அமிலத் தொகுதி. மற்றதன் இரு முனையிலும் அமீன் தொகுதி. ஒவ்வொரு முறை கைகோக்கும்போதும் ஒரு நீர் மூலக்கூறு வெளியே போய்விடுகிறது. இது குறுக்கப் பலபடி. அமெரிக்காவில் கரோதர்ஸ் குழுவினர் இதை 1935-இல் செய்தார்கள். வாழையோ அதற்கு எத்தனையோ காலம் முன்பே குளுக்கோஸை இதே கணக்கில், கணுவுக்கு ஒரு நீர் மூலக்கூறு கழித்து, நாராக்கிவிட்டது. போடியின் இலவம் பஞ்சும் அப்படியே.

நீர் வெளியேறிய கணுவில் நீர் திரும்ப நுழையவும் முடியும். நுழைந்தால் சங்கிலி அறும். மண்ணில் வாழும் பூஞ்சைகள் தம் நொதிகளைக் கொண்டு இதைத்தான் செய்கின்றன, நார் மட்கிவிடுகிறது. உடனே, "குறுக்கப் பலபடிகள் எல்லாம் மட்கும்" என்று விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள். நைலானின் கணுவை அறுக்கச் சூடான அமிலம் வேண்டும். மண்ணில் அது எளிதில் நடவாது. பாலிதீனிலோ அப்படிப்பட்ட கணுவே கிடையாது. முதுகெலும்பு முழுதும் கார்பனோடு கார்பன். வெயில் பட்டுக் குழாய் நொறுங்கும். நொறுங்கிய துணுக்குகளோ பாலிதீனாகவே மண்ணில் தங்கும். பழைய குழாயை உழவுக்கு முன்பே பொறுக்கி எடுக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

அந்தக் கயிறு மெய்யாகவே நைலான்தானா? ஒரு துண்டை நீருக்குள் அமுக்கி, காற்றுக் குமிழிகளைப் பிழிந்து வெளியேற்றிவிட்டுக் கையை எடுங்கள். நைலானின் அடர்த்தி 1.14, மூழ்கும். மிதந்தால் அது பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிதீன், இரண்டும் சேர்ப்புப் பலபடிகளே. கடையில் நைலான் என்று வாங்கிய கயிறு பல சமயம் மிதக்கிறது! ஆனால், இச்சோதனையை எல்லாவற்றுக்கும் நீட்டாதீர்கள். தோட்டத்து பி.வி.சி. பைப்பும் சேர்ப்புப் பலபடிதான். அதன் துண்டு நேரே அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.