டமாரம் என்று கூப்பிடாதீர்கள்

சென்ற வாரம் தறிக்காரர்களின் முதுகு வலியைப் பார்த்தோம். இந்த வாரம் காது.

பொதட்டூர்பேட்டையில் விசைத்தறிக் கொட்டகைக்குள் நுழைந்தால், தோளை உரசி நிற்பவர் பேசுவதும் கேட்காது. தார் தீர்ந்தது, பாவு அறுந்தது, டீ வந்தது என்று எதைச் சொல்லவும் கையும் உதடும்தான். இங்கிலாந்தில் லங்காஷயர் பருத்தி மில் பெண்களும் இப்படித்தான் உதட்டைப் பெரிதாக அசைத்துப் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சுக்கு ‘மீ-மாயிங்’ என்று பெயரே உண்டு.

எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபலுக்கு மேல் சத்தம் இருந்தால் காதுக்கு ஆபத்து. நாடா அடிக்கும் தறிகள் நிறைந்த கொட்டகையில் சத்தம் 90-ஐத் தாண்டுவது சாதாரணம். அது உட்காதின் நுண்ணிய மயிரணுக்களைக் கொல்கிறது. அவை மறுபடி முளைப்பதில்லை. முதலில் போவது கீச்சொலிகள். குழந்தைகளின் குரலும் ச, ஸ போன்ற எழுத்துகளும் நழுவிவிடும். சத்தம் கேட்கும், பேச்சு விளங்காது. அதனால்தான் வீட்டில் இருப்பவர்கள், “வேணும்னா கேக்குது, வேணாம்னா கேக்கல” என்று அந்த மனிதர்மேல் கோபப்படுகிறார்கள். அவர் நடிக்கவில்லை. அவருடைய காது அவருக்குப் பாதிச் சொல்லைத்தான் கொடுக்கிறது.

இதற்குப் பிறகுதான் பட்டப்பெயர் வருகிறது. மந்தம், செவிடு, டமாரம். ஆந்திர எல்லையோர ஊர் என்பதால் தெலுங்கு பேசும் வீடுகளில் ‘செவிட்டோடு’. பிறவியிலேயே கேட்காதவர் என்றால் ‘ஊமை’, ‘மூகோடு’. காதில் கருவி மாட்டினால் அதற்கும் ‘செவிட்டு மிஷின்’ என்று பேர் வைத்துவிடுகிறோம். அந்தப் பேருக்குப் பயந்தே கருவியைப் பீரோவில் பூட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் டீக்கடையில் நாலு பேர் முன்னால் ‘இன்னா டமாரம்’ என்று அழைக்கப்பட்டால், அடுத்த நாள் அந்தக் கடைக்கு எப்படி வருவார்?

தமிழில் ‘ஊமை’ என்ற சொல் எப்போதும் இழிவாகவே இருந்ததா என்றால், இல்லை. கட்டபொம்மனின் தம்பி குமாரசாமியை ஊர் ‘ஊமைத்துரை’ என்றுதான் அழைத்தது. அண்ணனை 1799-இல் கயத்தாறில் தூக்கிலிட்ட பின் தம்பியைப் பாளையங்கோட்டைச் சிறையில் வைத்தார்கள். 1801 பிப்ரவரி 2 அன்று அவர் தப்பினார். தரைமட்டமாக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாட்களுக்குள் மறுபடி எழுந்து நின்றது. அவரை எதிர்த்துப் போரிட்ட கம்பெனிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ், 1830-இல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் அவரைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். கேட்கவும் பேசவும் முடியாத மெலிந்த இளைஞர், ஆனாலும் அவருடைய சிறு சைகைக்கும் ஆட்கள் ஓடினார்கள் என்கிறார். ஆங்கிலேயரை என்ன செய்யப்போகிறோம் என்பதை அவர் சொன்ன விதத்தையும் வெல்ஷ் பதிவு செய்கிறார். சில துரும்புகளை இடது உள்ளங்கையில் வைத்துக் காட்டி, மற்றொரு கையால் அப்படியே தள்ளிவிடுவாராம். ஒரு படையே அந்தக் கைமொழியைப் புரிந்துகொண்டது. 1801 நவம்பர் 16 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். அவரைச் சிறை வைத்த அதே பாளையங்கோட்டையில்தான், அந்த நூற்றாண்டின் இறுதியில், ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தத் தொடங்கினார்.

காது கேளாதவர்கள் நமக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நாம் கேட்பதே இல்லை. சைகை மொழி பேசுவோரிடையே ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் இருக்கும். கன்னத்து மச்சம், சுருட்டை முடி, நெற்றித் தழும்பு என்று கண்ணில் படுவதை வைத்துக் கொடுப்பார்கள். நெருங்கிப் பழகினால் காது கேட்பவருக்கும் ஒன்று கிடைக்கும். அமெரிக்க சைகை மொழியில் ‘கேட்பவர்’ என்பதற்கான சைகை, வாய்க்கு முன்னால் விரலைச் சுழற்றுவது. ஓயாமல் வாய் அசைப்பவர்கள் என்று அவர்கள் கண்ணுக்கு நாம் தெரிகிறோம். கேட்பவர்களையே போலி செய்கிற காது கேளாதவரைக் கண்டிக்க அதே சைகையை நெற்றியில் வைத்துக் காட்டுவார்கள். அவர்களிடையே அது கடுமையான வசை.

நம்மூரில் நிலைமை வேறு. காது கேளாத பிள்ளைகள் பலர் எழுதும்போது கேட்பவர்களை ‘நார்மல்’ என்று எழுதுகிறார்கள். நம் டமாரத்தைவிட இந்தச் சொல்தான் என்னை அதிகம் வருத்துகிறது. பிறரை நார்மல் என்று எழுதும் குழந்தை, தன்னை என்னவென்று நினைத்துக்கொள்ளும்?

சட்டம் தெளிவாக இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 92-ஆவது பிரிவு, பலர் முன்னிலையில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவோருக்கு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், திரைப்படங்களும் ஊடகங்களும் மாற்றுத்திறனாளிகளைக் கேலிப்பொருளாக்கக் கூடாது என்று வழிகாட்டுதல் தந்தது. தொழிற்சாலைகளுக்கான சட்டத்தில், சத்தத்தால் வரும் காது கேளாமை தெரிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய். ஆனால் வீட்டோடு நாலு தறி போட்டு ஓட்டும் குடும்பம் அந்தச் சட்டத்துக்குள் வருவதே இல்லை. பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கத்தில் பாதிக்கப்படுவது பெரும்பாலும் அப்படிப்பட்டவர்கள்தான்.

ஆகவே தறி முதலாளிகளிடமும் வீட்டுத் தறிக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். காதடைப்பான் விலை அதிகமில்லை. வாங்கிக் கொடுங்கள், போட்டுக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பக்கத்துத் தறிக்காரருக்குக் காது கேட்கவில்லை என்றால் எதிரே போய் நின்று, முகம் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள். கூப்பிடும்போது அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.